டைம்அவுட் கொடுத்தும் சாகாத ப்ராசஸ்: பைத்தானில் கண்டுபிடித்து நிறுத்த முழுமையான வழிகாட்டி

பைத்தானில் சப்ப்ராசஸ்.ரன் எழுதி, அதில் டைம்அவுட்=30 என்று போட்டுவிட்டால் 30 விநாடியில் அந்தக் கட்டளை செத்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். டைம்அவுட்எக்ஸ்பயர்ட் எக்ஸப்ஷனும் நேரத்துக்கு வருகிறது, லாகிலும் ஏறுகிறது. இரண்டு நாள் கழித்து சர்வர் திணறும்போது டாப் கட்டளையைத் திறந்தால், எப்போதோ நிறுத்திவிட்டதாக நினைத்த ப்ராசஸ்கள் எல்லாம் மெமரியைத் தின்றபடி வரிசையாக நிற்கும். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 30 விநாடி என்று சொல்லியிருப்போம், கால் மணி நேரம் ஆகியும் பைத்தான் அந்த வரியை விட்டு நகராது, எக்ஸப்ஷனும் வராது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். டைம்அவுட் என்பது பைத்தான் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கான கணக்கு. நேரம் முடிந்ததும் யாரைக் கொல்வது என்று கேட்டால், நேரடியாகத் தொடங்கிய அந்த ஒரே ஒரு ப்ராசஸை மட்டும்தான் அது கொல்லும். அது பெற்ற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் பெற்ற பேரன்கள் யாரும் பைத்தானின் கணக்கில் இல்லை. அவர்களையும் சேர்த்துக் கொல்ல வேண்டுமென்றால் அதை நாம்தான் எழுத வேண்டும்.

ஸ்லீப் கட்டளையை வைத்து விளக்கினால் பல நேரம் எல்லாம் சரியாக வேலை செய்வது போலவே தெரியும், அதனால் நிஜத்தில் பலரையும் படுத்தும் ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்: வேர்ட் கோப்பை பிடிஎஃப் ஆக்க லிப்ரெஆஃபிஸை ஹெட்லெஸ் (திரையில் சாளரம் திறக்காத) முறையில் பின்னணியில் ஓடவிடுவது. முதலில் லினக்ஸ், கடைசிப் பக்கம் விண்டோஸுக்கும் வருகிறேன்.

## படி 1: சிக்கியிருப்பது பைத்தானா, ப்ராசஸா?

கோடில் கை வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பைத்தான் நகர்ந்துவிட்டது, ஆனால் ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அது ஒரு நோய். பைத்தானே நகரவில்லை என்றால் அது வேறு நோய், மருந்தும் கொஞ்சம் வேறு.

பைத்தான் நிற்கிறது என்றால் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பை-ஸ்பை என்ற கருவியை நிறுவி, டம்ப் என்று சொல்லி, நிற்கும் பைத்தானின் பிஐடியை (ப்ராசஸ் எண்) கொடுத்தால் போதும், ஓடும் புரோகிராமைத் தொடாமலே ஸ்டேக்கை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்து நிற்கிறது என்ற பட்டியலைக் காட்டிவிடும். அதை நிறுவ அனுமதி இல்லாத சர்வர் என்றால், புரோகிராமின் தொடக்கத்தில் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூலின் டம்ப்_ட்ரேஸ்பேக்_லேட்டர் ஃபங்ஷனுக்கு 60 என்று கொடுத்து வைத்தால் 60 விநாடி கழித்து அதுவே ஸ்டேக்கை அச்சிடும்.

ஸ்டேக்கின் நுனியில் கம்யூனிகேட், செலக்டர்ஸ் மாதிரிப் பெயர்கள் இருந்தால் பைத்தான் பைப்பை (கட்டளையின் அவுட்புட் பைத்தானுக்கு வரும் குழாய்) வாசித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். வெயிட், வெயிட்பிட் என்று இருந்தால் ஒரு ப்ராசஸ் சாவதற்காகக் காத்திருக்கிறது. முதலாவதுக்குப் படி 6, இரண்டாவதுக்குப் படி 8. ஆனால் நடுவில் உள்ளதைத் தாண்டிப் போகாதீர்கள்.

## படி 2: குடும்ப மரத்தைப் பாருங்கள்

கட்டளை ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் பிஎஸ் கட்டளையை -இ (எல்லா ப்ராசஸும்), --ஃபாரஸ்ட் விருப்பங்களோடு ஓட்டுங்கள், வரிசைகளில் பிஐடி, பிபிஐடி (அப்பனின் பிஐடி), பிஜிஐடி, எஸ்ஐடி (செஷன் எண்), ஸ்டேட், கழிந்த நேரம், முழுக் கட்டளை எல்லாம் வரும்படி -ஓ விருப்பத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் பிஎஸ் ஆக்ஸ் போட்டால் பிஜிஐடி, அதாவது ப்ராசஸ் குரூப் எண், வராது. நமக்கு வேண்டியதே அதுதான்.

லிப்ரெஆஃபிஸ் ஓடும்போது தெரிவது ஏறக்குறைய இப்படி இருக்கும் (எண்கள் உதாரணத்துக்கு, அடுக்குகள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம்). பைத்தான் 4100. அதன் கீழே சாஃபிஸ் 4121, இது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். அதன் கீழே ஓஓஸ்ப்ளாஷ் 4135. அதற்கும் கீழே சாஃபிஸ்.பின் 4150, நிஜ வேலை செய்வது இந்தப் பேரன்தான். டைம்அவுட் ஆனதும் பைத்தான் 4121-ஐ மட்டும் கொல்கிறது. மறுபடி பிஎஸ் போட்டால் 4121 இல்லை. 4135-இன் பிபிஐடி 1 ஆகியிருக்கும், அல்லது சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) யூசர் மேலாளரின் எண்ணாக இருக்கும். அப்பன் செத்துப்போன ப்ராசஸைக் கெர்னல் அங்கேதான் ஒப்படைக்கும். 4150 பாட்டுக்கு ஓடும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. லிப்ரெஆஃபிஸ் ஒரு ப்ரொஃபைலுக்கு (யூசரின் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர்) ஒரே ஒரு ப்ராசஸ்தான் வைத்துக்கொள்ளும். அடுத்த கோப்பை மாற்ற நீங்கள் புதிதாகத் தொடங்கும் சாஃபிஸ், ஏற்கெனவே ஒன்று ஓடுவதைப் பார்த்து வேலையை அதனிடமே கொடுக்கப் போகும். பழையது எதிலோ மாட்டி நிற்கிறது, ஆக புதியதும் மாட்டும். ஒரே ஒரு கெட்ட கோப்பு வந்து மொத்த சேவையும் படுத்துவிடுவது இப்படித்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யூசர்இன்ஸ்டலேஷன் மதிப்பைத் தனித் தற்காலிக ஃபோல்டராகக் கொடுத்தால் இந்தத் தொற்று நிற்கும், ஆனால் சாகாத ப்ராசஸ் சாகாமல்தான் இருக்கும்.

## படி 3: ஷெல்=ட்ரூ மட்டுமே குற்றவாளி இல்லை

இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் அறிவுரை 'ஷெல்=ட்ரூவை எடுத்துவிடு' என்பது. பாதி உண்மை. ஷெல்=ட்ரூ போட்டால் பைத்தான் தொடங்குவது உங்கள் கட்டளையை அல்ல, /பின்/எஸ்எச்-ஐ. அந்த ஷெல்தான் உங்கள் கட்டளையைப் பிள்ளையாகத் தொடங்கும். கொல்லப்படுவது ஷெல், தப்பிப்பது கட்டளை.

ஆனால் இது எப்போதும் நடப்பதில்லை என்பதுதான் குழப்பம். ஒரே ஒரு எளிய கட்டளை என்றால் பாஷ் போன்ற ஷெல்கள் பிள்ளை பெறாமல் தன்னையே அந்தக் கட்டளையாக மாற்றிக்கொள்ளும், அப்போது டைம்அவுட் அழகாக வேலை செய்யும். 'ஸ்லீப் 300' என்று சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சர்வருக்கு அனுப்பிவிட்டு, அங்கே பைப் குறியோ அரைப்புள்ளியோ சேர்ந்த நீளமான கட்டளையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். சோதனைக்கு 'ஸ்லீப் 300; எக்கோ முடிந்தது' என்று கொடுங்கள். பின்னால் இன்னொரு கட்டளை காத்திருப்பதால் ஷெல் பிள்ளை பெற்றே ஆக வேண்டும், பிரச்சினை உடனே கண்ணில் படும்.

ஷெல்=ட்ரூவை எடுத்தாலும் லிப்ரெஆஃபிஸ் கதை மாறாது, ஏனென்றால் சாஃபிஸே ஒரு ஸ்கிரிப்ட். என்பிஎம், மேக், பைடெஸ்ட் எக்ஸ்டிஸ்ட் இப்படித் தனக்குக் கீழே ஆள் வைத்து வேலை வாங்கும் எதற்கும் இதே கதைதான்.

இன்னொன்று. ரன் ஃபங்ஷன் டைம்அவுட்டில் அனுப்புவது சிக்கில் என்ற சிக்னல், எண் 9. இதைப் பிடிக்கவோ ஒத்திப்போடவோ எந்த ப்ராசஸாலும் முடியாது. 'நான் போகிறேன், நீங்களும் கிளம்புங்கள்' என்று கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போக அந்த ஸ்கிரிப்டுக்கு வாய்ப்பே கிடைக்காது. நல்லவிதமாக எழுதப்பட்ட லாஞ்சர்கள்கூட சிக்டெர்ம் ('முடித்துக்கொள்' என்று கேட்கும் சிக்னல்) வந்தால்தான் பிள்ளைகளுக்குக் கடத்தும்.

ரன்னுக்கு அடியில் இருக்கும் பாப்பென் கிளாஸை வைத்து நீங்களே கம்யூனிகேட் அல்லது வெயிட் அழைத்து அதற்கு டைம்அவுட் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். அவை எக்ஸப்ஷனை எழுப்புவதோடு சரி, யாரையும் கொல்லாது. பிள்ளைகூடத் தப்பிவிடும்.

## படி 4: புது செஷனில் தொடங்குங்கள்

தீர்வின் மையம் ப்ராசஸ் குரூப். யூனிக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸும் ஏதோ ஒரு குரூப்பில் இருக்கும், பிள்ளைகள் அப்பனின் குரூப்பிலேயே பிறக்கும், குரூப் முழுக்க ஒரே அடியில் சிக்னல் அனுப்பலாம். ஆகவே நம் கட்டளையைத் தனிக் குரூப்பில் பிறக்க வைத்துவிட்டால் அதன் வம்சம் முழுக்க அந்தக் குரூப்பில் சேரும்.

பாப்பெனுக்கு ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ என்று கொடுங்கள். பைத்தான் 3.2-இலிருந்து இருக்கிறது. பிள்ளை பிறந்ததும், கட்டளையாக மாறும் முன், செட்சிட் அழைப்பு நடக்கும், அது புது செஷனுக்கும் (குரூப்களின் தொகுதி) புது குரூப்புக்கும் தலைவனாகும். பழைய பதில்களில் ப்ரீஎக்ஸெக்_எஃப்என்=ஓஎஸ்.செட்சிட் என்று பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுங்கள், த்ரெட் உள்ள புரோகிராமில் அது டெட்லாக்கில் போய் நிற்கலாம் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. செஷன் வேண்டாம், குரூப் மட்டும் போதும் என்றால் 3.11-இல் வந்த ப்ராசஸ்_குரூப்=0 இருக்கிறது.

சரி, ரன் ஃபங்ஷனுக்கே ஸ்டார்ட்_நியூ_செஷன் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஏற்றுக்கொள்ளும், பயன்தான் இல்லை. டைம்அவுட் ஆனதும் அது அப்போதும் ஒற்றை ப்ராசஸைத்தான் கொல்லும், குரூப்பை அல்ல. வெளியே வரும் டைம்அவுட்எக்ஸ்பயர்ட் எக்ஸப்ஷனில் பிஐடியும் கிடையாது, அதனால் பின்னால் போய்க் கொல்லவும் வழியில்லை. இன்னும் சொல்லப்போனால் தனி செஷனுக்குப் போன பேரனைக் கன்ட்ரோல்-சி கூடத் தொடாது. ஆகவே ரன்னை விட்டுவிட்டு பாப்பெனுக்கு வாருங்கள்.

## படி 5: கொல்லும் வரிசை

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கோடு சறுக்குகிறது, அதனால் நிதானமாகப் போவோம்.

பாப்பெனால் தொடங்கி, கம்யூனிகேட்டுக்கு டைம்அவுட்=30 கொடுத்து ட்ரை பிளாக்கில் வையுங்கள். டைம்அவுட்எக்ஸ்பயர்ட் வந்தால் முதல் வேலை, குரூப் முழுக்க சிக்னல் அனுப்பும் ஓஎஸ்.கில்பிஜியை அழைத்து, அதற்கு ப்ராக்.பிட் (பாப்பென் தந்த ஆப்ஜெக்டில் உள்ள பிஐடி), சிக்டெர்ம் இரண்டையும் கொடுப்பது. செஷன் தலைவன் என்பதால் பிஐடியும் குரூப் எண்ணும் ஒன்றுதான்.

பலர் இங்கே ஓஎஸ்.கெட்பிஜிஐடி மூலம் குரூப் எண்ணைக் கேட்டு வாங்கி அதைக் கில்பிஜிக்குக் கொடுக்கிறார்கள். பார்க்க ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஆபத்தானது. ஸ்டார்ட்_நியூ_செஷன் போட மறந்திருந்தால் கெட்பிஜிஐடி தருவது உங்கள் பைத்தானின் சொந்தக் குரூப் எண். கில்பிஜி உங்களையும், உங்களைத் தொடங்கிய ஸ்கிரிப்டையும் சேர்த்துப் போட்டுத்தள்ளிவிடும், லாகில் ஒரு வரிகூட மிஞ்சாது. ப்ராக்.பிட்டை நேரடியாகக் கொடுத்தால், மறந்திருந்தாலும் அப்படி ஒரு குரூப்பே இல்லை என்று ப்ராசஸ்லுக்அப்எரர்தான் வரும்.

அடுத்து, வெயிட்டுக்கு டைம்அவுட்=5 கொடுத்துக் காத்திருங்கள். தற்காலிகக் கோப்புகளைச் சுத்தம் செய்யவும், பூட்டுகளை விடுவிக்கவும் அந்த 5 விநாடி.

அப்புறம் சிக்கில். இங்கே ஒரு நுணுக்கம். 'வெயிட் டைம்அவுட் ஆனால் மட்டும் சிக்கில் அனுப்பு' என்று எழுதுவதுதான் வழக்கம், அது போதாது. வெயிட் பார்ப்பது குரூப் தலைவனை மட்டும். தலைவன் ஷெல், சிக்டெர்ம் வந்ததும் உடனே செத்துவிடும், வெயிட்டும் சந்தோஷமாகத் திரும்பிவிடும். ஆனால் கீழே இருக்கும் பேரன் சிக்டெர்மைக் கண்டுகொள்ளாதவனாக இருந்தால் அவன் உயிரோடுதான் இருப்பான். எனவே வெயிட் எப்படி முடிந்தாலும் சரி, கடைசியாக ஒருமுறை கில்பிஜியில் சிக்கில் அனுப்பியே விடுங்கள். குரூப்பில் யாரும் மிச்சமில்லை என்றால் ப்ராசஸ்லுக்அப்எரர் வரும், அதை மட்டும் பிடித்து விட்டுவிடலாம். தலைவன் செத்தாலும் குரூப்பில் ஒருவர் மிச்சமிருக்கும் வரை லினக்ஸ் அந்த எண்ணைப் புது ப்ராசஸுக்குக் கொடுக்காது, அதனால் உயிரோடிருக்கும் பேரனைத் தேடிப்போய் வேறு யாரையாவது அடித்துவிடும் பயம் வேண்டாம்.

இந்தக் கொல்லும் பகுதியை டைம்அவுட்டுக்கு மட்டுமல்லாமல், வேறு எந்த எக்ஸப்ஷன் வந்தாலும் ஓடும்படி வைக்க வேண்டும். கன்ட்ரோல்-சி முக்கியமாக. புது செஷனுக்குப் போனதால் டெர்மினலின் கன்ட்ரோல்-சி இனி பிள்ளைக்குப் போகாது, உங்கள் பைத்தானுக்கு மட்டும் வரும். கீபோர்ட்இன்டரப்ட்டைப் பிடிக்காமல் விட்டால் நீங்களே அநாதைகளை உருவாக்குகிறீர்கள்.

ரிட்டர்ன்கோடைப் பார்த்து யார் கொன்றது என்று தெரிந்துகொள்ளலாம். பைத்தானில் -15 என்றால் சிக்டெர்ம், -9 என்றால் சிக்கில். நடுவில் ஷெல் இருந்தால் அதே விஷயம் 143, 137 என்று வரும். நீங்கள் எதுவும் அனுப்பாமலே -9 வந்தால் கெர்னலின் அவுட்-ஆஃப்-மெமரி கில்லரைச் சந்தேகப்படுங்கள், டைம்அவுட்டை அல்ல.

## படி 6: பைப்பில் சிக்கிக்கொண்டால்

பைத்தானே நகரவில்லை என்ற நோய்க்கு வருவோம். ஸ்டவுட்டை (கட்டளையின் அவுட்புட்டை) பைப்பில் பிடித்தால், கம்யூனிகேட் காத்திருப்பது ப்ராசஸ் சாவதற்கு மட்டும் அல்ல, பைப் மூடுவதற்கும்தான். பைப்பின் எழுதும் முனை எத்தனை பேரிடம் இருக்கிறதோ அத்தனை பேரும் மூடினால்தான் வாசிப்பவருக்கு முடிவு தெரியும். பேரன் பிறக்கும்போதே அந்த முனையை வாங்கிக்கொண்டு பிறக்கிறான். பிள்ளையைக் கொன்றாலும் பேரன் முனையைப் பிடித்திருக்கும் வரை பைத்தான் வாசித்துக்கொண்டே இருக்கும்.

பழைய பைத்தானில் ரன் ஃபங்ஷன் டைம்அவுட்டுக்குப் பிறகு மிச்ச அவுட்புட்டை வாங்க கம்யூனிகேட்டை இரண்டாவது முறை, இந்த முறை டைம்அவுட் இல்லாமல், அழைக்கும். பேரன் இருந்தால் அங்கேயே தொங்கும். 3.8-இல் இதைத் திருத்தினார்கள், இப்போது லினக்ஸிலும் மேக்கிலும் கொன்றுவிட்டு வெயிட் மட்டும் செய்கிறது. அதாவது தொங்குவது போனது, பேரன் தப்பிப்பது போகவில்லை. பைத்தானை அப்டேட் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்பவர்கள் பலருக்கு நோய் வெளியே தெரியாமல் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸில் அந்த இரண்டாவது கம்யூனிகேட் இன்னும் இருக்கிறது.

குரூப்பைக் கொன்ற பிறகு மிச்ச அவுட்புட் வேண்டுமென்றால் கம்யூனிகேட்டை மறுபடி அழையுங்கள், முன்பு வந்தது தொலையாது, ஆனால் டைம்அவுட்=5 என்று அதற்கும் ஒரு வேலி போடுங்கள். அதுவும் தாண்டினால் ப்ராக்.ஸ்டவுட்டை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். டைம்அவுட் எக்ஸப்ஷனில் வரும் அவுட்புட், டெக்ஸ்ட்=ட்ரூ கொடுத்திருந்தாலும், பைட்ஸாகத்தான் இருக்கும், ஒன்றும் வராவிட்டால் நன் (பைத்தானில் 'மதிப்பு இல்லை' என்பது) என்றுகூட இருக்கலாம். இதை ஸ்ட்ரிங் என்று நினைத்து லாகில் ஒட்டப்போய், டைம்அவுட்டைக் கையாளும் கோடே விழுந்து, கொல்லும் வரிக்குப் போகாமலே போவது உண்டு. கொன்றுவிட்டு அப்புறம் லாக் எழுதுங்கள்.

பைப்பை வைத்துக்கொண்டு கம்யூனிகேட்டுக்குப் பதில் வெயிட் போடுவதும் ஒரு பொறி. லினக்ஸில் பைப் பிடிக்கும் அளவு வழக்கமாக 64 கேபி. அது நிரம்பியதும் ப்ராசஸ் எழுத முடியாமல் நிற்கும், நீங்கள் அது முடியக் காத்து நிற்பீர்கள். வேலை 3 விநாடியில் முடிந்திருக்கும், ஆனால் 'டைம்அவுட்' என்று பதிவாகும். அவுட்புட் நிறைய வரும் கட்டளைக்கு நான் பைப்பையே வைப்பதில்லை, தற்காலிகக் கோப்பைத் திறந்து ஸ்டவுட்டாகக் கொடுத்துவிடுவேன். இந்தப் படியில் உள்ள எந்தச் சிக்கலும் அப்போது வராது.

ஸ்டின்னுக்கு (கட்டளையின் இன்புட்) டெவ்நல், அதாவது வெற்று இன்புட், கொடுக்க மறக்காதீர்கள். பல டைம்அவுட்டுகளின் நிஜக் காரணம், எஃப்எஃப்எம்பெக் மாதிரி ஒரு கட்டளை 'கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதவா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருப்பதுதான்.

## படி 7: குரூப்புக்குள் வராதவர்கள்

கில்பிஜியின் கை எட்டாத இடங்கள் சில உண்டு.

சூடோ. அதன் கீழ் ஓடுவது ரூட், அதாவது நிர்வாகி. சாதாரண யூசரால் அதற்கு சிக்னல் அனுப்ப முடியாது. பெர்மிஷன்எரர் வந்தால் அதிர்ஷ்டம், குரூப்பில் உங்களால் தொட முடிந்த ஒருவர் இருந்தாலே கில்பிஜி வெற்றி என்று திரும்பிவிடும், ரூட் ப்ராசஸ் பத்திரமாக இருக்கும். இதற்கு டைம்அவுட்டை சூடோவுக்கு உள்ளே வைப்பதுதான் வழி. லினக்ஸின் கோர்யூடில்ஸில் டைம்அவுட் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. சூடோ, அடுத்து டைம்அவுட் -கே 5 30, அடுத்து உங்கள் கட்டளை. 30 விநாடியில் சிக்டெர்ம், மேலும் 5 விநாடியில் சிக்கில், இரண்டும் ரூட் உரிமையோடு. நேரம் முடிந்து சிக்டெர்மில் நின்றால் 124 என்ற எண்ணோடு வெளியேறும்.

ஆனால் அந்தக் கட்டளையை ஷெல் வரிக்கு நடுவே போடும்போது கவனம். அது தனக்கென்று புதுக் குரூப் அமைத்துக்கொள்ளும், அதனால் உங்கள் கில்பிஜியிலிருந்து நழுவிவிடும். --ஃபோர்க்ரவுண்ட் கொடுத்தால் நழுவாது, ஆனால் அப்போது அது பேரன்களைக் கொல்லாது. ஒரு கட்டளைக்கு ஒரு காவலாளி போதும், பைத்தானா கோர்யூடில்ஸா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

டாக்கர். நீங்கள் ஓட்டும் டாக்கர் ரன் வெறும் கிளையன்ட். கன்டெய்னரை நடத்துவது பின்னணியில் இருக்கும் டீமன், உங்கள் குடும்ப மரத்தில் அது இல்லவே இல்லை. கிளையன்ட்டுக்கு சிக்கில் கொடுத்தால் கிளையன்ட் சாகும், கன்டெய்னர் ஓடும். தொடங்கும்போதே --நேம் கொடுத்து வைத்து, டைம்அவுட் ஆனதும் அந்தப் பெயரைச் சொல்லி டாக்கர் கில் ஓட்டுங்கள். டாக்கர் எக்ஸெக்கும் இதே கதைதான், அதில் டைம்அவுட்டைக் கன்டெய்னருக்கு உள்ளே வையுங்கள்.

எஸ்எஸ்எச். உள்ளூர்க் கிளையன்ட் செத்தாலும் அந்தப் பக்கக் கட்டளை ஓடிக்கொண்டிருக்கலாம், அங்கேயே டைம்அவுட் கட்டளையைச் சேர்த்து அனுப்புங்கள்.

தானே செட்சிட் அழைத்து டீமனாக மாறும் புரோகிராம்களும் குரூப்பை விட்டு ஓடிவிடும். இவற்றுக்குப் பலர் பிஎஸ்யூடில் நூலகத்தை எடுக்கிறார்கள், சில்ட்ரன் ஃபங்ஷனுக்கு ரிகர்சிவ்=ட்ரூ கொடுத்து வம்சத்தையே பட்டியலிடலாம். பட்டியலை எடுத்துவிட்டுக் கொல்லுங்கள், அப்பனைக் கொன்ற பிறகு தேடினால் பேரனின் பிபிஐடி 1 ஆகிவிடும், மரத்தில் தட்டுப்படாது. பட்டியல் எடுப்பதற்கும் கொல்வதற்கும் நடுவே புதிதாக ஒன்று பிறந்தால் அது தப்பிக்கும். டபுள் ஃபோர்க் செய்து (நடுவில் ஒரு பிள்ளையைப் பெற்றுச் சாகவிட்டு) முன்பே அநாதையான டீமனும் இதில் அகப்படாது.

தப்பவே கூடாது என்றால் சிகுரூப்தான், அதாவது ப்ராசஸ்களைக் கெர்னலே கட்டிவைக்கும் தொகுதி. செட்சிட் செய்தாலும் சாதாரண யூசர் ப்ராசஸால் சிகுரூப்பை விட்டு அவ்வளவு சுலபமாக வெளியேற முடியாது. சிஸ்டம்டி உள்ள சர்வரில் உங்கள் கட்டளையை சிஸ்டம்டி-ரன் வழியாக, --வெயிட், --பைப் இரண்டும் சேர்த்து, ரன்டைம்மேக்ஸ்செக்=30 என்ற பண்போடு ஓட்டினால் நேரம் முடிந்ததும் சிகுரூப்பில் உள்ள அனைவரையும் அது பார்த்துக்கொள்ளும். சிக்டெர்முக்கும் சிக்கிலுக்கும் நடுவே இயல்பாக 90 விநாடி விடும், அதை டைம்அவுட்ஸ்டாப்செக் வைத்துக் குறையுங்கள். கையால் செய்ய விரும்பினால் லினக்ஸ் 5.14 முதல் சிகுரூப் ஃபோல்டரில் சிகுரூப்.கில் என்ற கோப்பு இருக்கிறது, அதில் 1 என்று எழுதினால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் சிக்கில்.

## படி 8: சிக்கிலுக்கும் சாகாதது

பிஎஸ்ஸின் ஸ்டேட் வரிசையைப் பாருங்கள். இசட் என்று இருந்தால் அது ஜோம்பி. ஏற்கெனவே செத்துவிட்டது, அதன் அப்பன் வெயிட் அழைக்காததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. அதற்கு எத்தனை சிக்னல் அனுப்பினாலும் பயனில்லை, கொன்ற பிறகு வெயிட் அழைக்கிறீர்களா என்று உங்கள் கோடைப் பாருங்கள்.

டி (டிஸ்க்கின் முதலெழுத்து) என்று இருந்தால் ப்ராசஸ் கெர்னலுக்குள் ஏதோ டிஸ்க் அல்லது நெட்வொர்க் வேலைக்காகக் காத்திருக்கிறது, பழுதான டிஸ்க், பதில் சொல்லாத என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி டிஸ்க்) மாதிரி. சிக்கில் வரிசையில் நிற்கும், அந்த வேலை முடியும் வரை சாகாது. பைத்தானிலிருந்து இதற்குச் செய்ய ஒன்றுமில்லை, நாமும் கூடவே தொங்காமல் இருப்பது மட்டும்தான் நம் கையில். சிக்கிலுக்குப் பிந்தைய வெயிட்டுக்கும் டைம்அவுட் கொடுத்து, தாண்டினால் பிஐடியை லாகில் எழுதிவிட்டு நகருங்கள். பாப்பெனை வித் பிளாக்கில் வைத்திருந்தால் இது வேலை செய்யாது, வித் முடியும் இடத்தில் பைத்தான் தானாகவே டைம்அவுட் இல்லாத வெயிட் ஒன்றை அழைக்கும்.

## படி 9: வெளியே இருக்கும் டைம்அவுட்டுகள்

உங்கள் கோடு சரியாக இருந்தும் அநாதைகள் வந்தால், உங்கள் பைத்தானையே யாரோ கொல்கிறார்களா என்று பாருங்கள். பைத்தான் வெப் சர்வரான குனிகார்னின் இயல்பான டைம்அவுட் 30 விநாடி. சப்ப்ராசஸுக்கும் 30 கொடுத்திருந்தால், உங்கள் எக்ஸெப்ட் வரி ஓடும் முன்பே வொர்க்கரை (உங்கள் கோடு ஓடும் ப்ராசஸ்) அது கொன்றிருக்கலாம். பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியின் கடின நேர வரம்பும் வொர்க்கரை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் டைம்அவுட்டும், 5 விநாடி அவகாசமும், மிச்ச வேலையும் சேர்ந்து வெளி வரம்புக்குள் அடங்க வேண்டும். வெளியே 30 என்றால் உள்ளே 20 வையுங்கள்.

பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகத்தில் வெயிட்_ஃபார் அல்லது 3.11-இன் அசிங்க்ஐஓ.டைம்அவுட் ரத்து செய்வது கம்யூனிகேட் என்ற கோருட்டீனை மட்டும்தான், ப்ராசஸ் அப்படியே ஓடும். கிரியேட்_சப்ப்ராசஸ்_எக்ஸெக்கும் ஸ்டார்ட்_நியூ_செஷனை ஏற்கும், படி 5-இன் அதே வரிசையை ஃபைனலி பிளாக்கில் எழுதுங்கள். த்ரெட்பூல் வைத்து ஃப்யூச்சரின் ரிசல்ட்டுக்கு டைம்அவுட் கொடுப்பவர்களுக்கு த்ரெட்கூட நிற்காது, பூலின் வித் பிளாக் முடியும் இடத்தில் அது முடியும் வரை புரோகிராம் காத்திருக்கும்.

விண்டோஸில் கில்பிஜி கிடையாது. டெர்மினேட், கில் இரண்டும் ஒரே வேலைதான், இரண்டும் ஒற்றை ப்ராசஸைத்தான் தொடும். டாஸ்க்-கில் கட்டளைக்கு /எஃப், /டி (ட்ரீயின் முதலெழுத்து), /பிஐடி கொடுத்தால் மரத்தோடு போகும், அப்பன் உயிரோடு இருக்கும்போதே அதை ஓட்ட வேண்டும். உறுதியாக வேண்டுமென்றால் ஜாப் ஆப்ஜெக்ட் (ப்ராசஸ்களை ஒன்றாகக் கட்டும் விண்டோஸ் வசதி), கைப்பிடி மூடியதும் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சாகும் கொடியோடு.

## படி 10: நிஜமாகவே செத்ததா என்று சோதிப்பது

எக்ஸப்ஷன் வந்ததை மட்டும் சரிபார்க்கும் டெஸ்ட் இங்கே எதற்கும் உதவாது. கட்டளையாக ஒரு ஷெல் வரி கொடுங்கள்: முதலில் ட்ராப் கட்டளையால் சிக்டெர்மைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் ஒரு துணை ஷெல், அதற்குள் ஸ்லீப் 300, வெளியே இன்னொரு ஸ்லீப், கடைசியில் ஒரு எக்கோ. டைம்அவுட்=1 கொடுத்து உங்கள் ஃபங்ஷனை ஓட்டுங்கள். 1 விநாடி, 5 விநாடி அவகாசம், கொஞ்சம் மிச்சம் சேர்த்து 8 விநாடிக்குள் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் படி 6. திரும்பியதும் அரை விநாடி விட்டு, கில்பிஜிக்கு அதே பிஐடியும் சிக்னல் எண்ணாக 0-வும் கொடுங்கள். 0 யாரையும் கொல்லாது, குரூப்பில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும். ப்ராசஸ்லுக்அப்எரர் வந்தால் டெஸ்ட் பாஸ்.

இந்த டெஸ்ட் உங்கள் மெஷினில் பாஸாகி, கன்டெய்னருக்குள் மட்டும் ஃபெயிலானால் உடனே கோடைச் சந்தேகப்பட வேண்டாம். அங்கே பிஐடி 1 ஆக இருப்பது உங்கள் பைத்தானாகவே இருக்கலாம். அநாதைகள் அதனிடம்தான் ஒப்படைக்கப்படுவார்கள், அதுவோ அவர்களுக்காக வெயிட் அழைக்காது, ஆகவே செத்தவர்கள் ஜோம்பியாக நின்று குரூப்பை உயிரோடு காட்டுவார்கள். கன்டெய்னரை --இனிட் கொடுத்துத் தொடங்கிவிட்டு டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள்.